இடக்கைப் படிக்கட்டு

எல்லை தாண்டி வரும் ஆங்கிலேயக் கொள்ளையருக்குப் பயந்து, ஸ்காட்லாந்து மேட்டில் அப்பா கல்லால் கோபுர வீடு கட்டி முடித்தார். அதன் சுழல் படிக்கட்டைப் பார்த்ததுமே நினியனுக்கு வயிறு எரிந்தது.

ஊரில் எல்லா வீட்டுப் படியும் வலப்பக்கம் சுழன்று ஏறும். இது மட்டும் இடப்பக்கம் ஏறியது. மேலே நின்று சண்டை போடுகிறவன் இடக்கைக்காரனாக இருந்தால்தான் இதில் வாளை வீச முடியும். வீட்டிலேயே இடக்கைக்காரன் தம்பி ஆர்ச்சி ஒருவன்தான்.

"மூத்தவன், பிள்ளைகுட்டிக்காரன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், செல்லப்பிள்ளைக்குப் படியா? கோபுரத்தையும் அவன் பேருக்கே எழுதிடுங்க!"

அப்பா ஆர்ச்சியை ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து நினியன் தம்பியின் முகத்தையே பார்ப்பதில்லை.

அறுவடை முடிந்ததும் கொள்ளையர் வந்தார்கள். கதவு உடைந்தது. நினியன் வாளோடு படியிறங்கினான். வலக்கையில் ஓங்கிய வாள், படி சுற்றி ஏறும் நடுத்தூணில் இடித்தது.

"தள்ளுண்ணே, இது என் படி!" என்று ஆர்ச்சி அவனைப் பின்னால் இழுத்துவிட்டு முன்னே பாய்ந்தான். அந்த நேரத்திலும் அந்தச் சொல் நினியனுக்குச் சுருக்கென்றது.

கொள்ளையர் பின்வாங்கி ஓடியபோது, ஆர்ச்சி படியிலேயே சாய்ந்து இறந்து கிடந்தான்.

அப்பா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"படிய இப்படிக் கட்டச் சொன்னதே இவன்தான்டா. 'ஊர்ல மாதிரி வலப்பக்கப் படி வச்சா அண்ணன்தான் முதல்ல இறங்கும். அண்ணனுக்குப் பிள்ளைங்க இருக்கு, எனக்கு யாருப்பா இருக்கா'ன்னான். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டான்."