வெறும் மூவாயிரம்

அணையிலிருந்து விநாடிக்கு மூவாயிரம் திறந்திருப்பதாக ஒலிபெருக்கி சொன்னதும் என் மகன் வேலப்பன் சிரித்தான். "போன வருசம் இருபதாயிரத்துக்கே கெண்டக்கால்தான் நனஞ்சிச்சு. எருமைய அவுத்துட்டு வந்துடறேம்ப்பா" என்று ஆற்று நடுத்திட்டுக்கு இறங்கிப் போய்விட்டான். ஒலிபெருக்கியில் வரும் எதையும் நான் நம்புகிறவன் இல்லை. மருமகளிடம் கேட்டேன்.

"எப்பவும் கன அடின்னுதானே சொல்வான்? இன்னிக்கு வேற என்னமோ சொன்னானே?"

"கன மீட்டர், மாமா."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. நீளம், அகலம், ஆழம் மூணும் ஒரு அடின்னா கன அடி. மூணும் மீட்டர்னா கன மீட்டர். இதுக்குள்ள அது முப்பத்தஞ்சு அடங்கும். அப்ப மூவாயிரம் இல்ல மாமா, லட்சத்துக்கு மேல..."

கரைக்கு ஓடிக் கத்தினேன். எருமைகள் எல்லாம் தண்ணீர் வரும் பக்கமே பார்த்து நின்றன. அவன் மட்டும் குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.