நான்காவது படகு

அப்பாவோடு மூழ்கிப்போன போர்க்கப்பலின் பழைய பிளாஸ்டிக் மாதிரியை அக்கா மேசையில் வைத்துச் செப்பனிட்டுக்கொண்டிருந்தாள். பல்செட் செய்கிற கை அவளுடையது. கப்பலின் மூடியிருந்த சன்னல்களையெல்லாம் பல் குடையும் ஊசியால் திறந்தாள். மேல்தளத்து ஓரத்தின் தடித்த கைப்பிடிகளைச் சுரண்டிவிட்டு மெல்லிய கம்பி கட்டினாள். கடைசியாக, உயிர்காப்புப் படகு ஒன்றைத் தானே செய்து நூலில் தொங்கவிட்டாள்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “நிஜக் கப்பல்ல மூணு படகுதானேக்கா இருந்துச்சு? நாலு வெச்சா தப்பு.”

“அதுல மூணு வெச்சதுதான்டா தப்பு.”

மறுநாள் காலையில் நான்காவது படகு மட்டும் இல்லை. நூல் அறுபடவில்லை, அவிழ்க்கப்பட்டிருந்தது. மேசை நனைந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

அதற்கடுத்த நாள் படகு பழைய இடத்திலேயே தொங்கியது. நூலில் இருந்தது அவள் போட்ட முடிச்சு அல்ல. பள்ளிக்கூட நாட்களில் அப்பா இருவரின் ஷூவுக்கும் போட்டுவிடும் இரட்டை முடிச்சு.

“அக்கா, எனக்குப் பயமாருக்கு. இந்தக் கப்பலைத் தூக்கிப் போட்டுடு.”

அக்கா ஐந்தாவது படகுக்குப் பிளாஸ்டிக் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“அப்பா மட்டுமாடா அந்தக் கப்பல்ல இருந்தாரு?”