நாற்பது செகண்டு வெப்சைட்

"கடையைத் திறக்கவே நாப்பது செகண்டு ஆச்சுன்னா எந்த பையர் சார் வாசல்ல நிப்பான்?"

அனுசுயா தன் போனைத் திருப்பிக் காட்டினாள். மகுடேஸ்வரனின் குழந்தைகள் ஆடை நிறுவனத்தின் வெப்சைட் அதில் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது.

பெருமாநல்லூர் ரோட்டில் அவருடைய யூனிட். ஆர்டர் இல்லாமல் இரண்டு மாதமாகப் பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. வெள்ளிக்கிழமை, மொத்தமாக ஆடை வாங்கும் டென்மார்க் பையர் ஒருவர் வீடியோ காலில் வருகிறார். வெப்சைட்டைப் பார்த்தபடியே டிசைன்களைத் தேர்ந்தெடுப்பாராம். இந்த நேரத்தில்தான், யாரும் கூப்பிடாமலே அனுசுயா வந்து உட்கார்ந்திருந்தாள். வேலம்பாளையத்தில் சின்னதாக வெப்சைட் தொழில் செய்கிறவள்.

"பெரிய சர்வர் வாங்கோணும்னு கோயமுத்தூர் கம்ப்யூட்டர்க்காரங்க சொல்றாங்களே அம்மிணி?"

"எவ்வளவு பெருசு வாங்கினாலும் இப்படித்தான் சார் இருக்கும். தப்பு டேட்டாபேஸ்ல. ஆபீஸ்ல ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து பார்க்கிற டேட்டாபேஸைத் தூக்கி வெப்சைட்டுக்கு வச்சிருக்காங்க. போட்டோ பூராத்தையும் அதுக்குள்ளயே திணிச்சிருக்காங்க. இண்டெக்ஸும் இல்ல."

"அப்படீன்னா?"

"குடோன்ல லேபிளே ஒட்டாம பண்டல் அடுக்கினா என்னாகும்? ஒரு சைஸ் கேட்டா, அத்தனை பண்டலையும் பிரிக்கணும்ல? ஒவ்வொரு தடவையும் இது அதைத்தான் பண்ணுது."

மகுடேஸ்வரனுக்குச் சட்டென்று புரிந்தது. கோபமும் வந்தது. "எந்த மடையன் பண்ணுன வேலை இது? இதைப் பண்ணிக் குடுத்த கம்பெனியையும் இழுத்து மூடிட்டுப் போயிட்டாங்க."

"சுத்தக் கத்துக்குட்டி வேலை சார்" என்றாள் அனுசுயா, கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

"செரி, நீ எதைப் போடுவே?"

"போஸ்ட்கிரஸ்னு ஒரு டேட்டாபேஸ். இலவசம். உங்க எண்ணூறு டிசைனுக்கு இப்ப இருக்கிற சர்வரே தாராளம்."

"மாத்தறேன்னு போயி, இருக்கறதும் போச்சுன்னா?" என்று குறுக்கிட்டார், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேல்குமார்.

"பழசை நிறுத்த மாட்டேன் சார். புதுசைத் தனியா ஓடவிடுறேன். எண்ணூறும் சரியா வந்திருக்கான்னு நீங்களே பாருங்க. அப்புறம் மாத்தலாம்."

வியாழக்கிழமை மதியம் வேல்குமார் அலறினார். புது வெப்சைட்டில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைக்கான '6-9' சைஸ் எல்லாம் ஒன்பதாம் மாதம் ஆறாம் தேதி என்று மாறிக் கிடந்தது! அனுசுயா சாப்பிடப் போகவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு டிசைன்களையும் திருத்திவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை. திரையில் டென்மார்க் பையர். மஞ்சள் நிறம், ஆறு முதல் ஒன்பது மாதம், ஆர்கானிக் காட்டன் என்று புது வெப்சைட்டில் தேடினார். வேல்குமார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது மஞ்சள் சட்டைகள் திரை நிறைய வரிசையாக நின்றன.

பையருக்கே நம்பிக்கை வரவில்லை. நிறத்தை மாற்றினார். சைஸை மாற்றினார். ஒவ்வொன்றும் விரலை எடுப்பதற்குள் வந்து நின்றது. ஒரு மணி நேரத்தில் பதினெட்டு டிசைன்களுக்கு ஆர்டரை உறுதி செய்துவிட்டுத்தான் போனார்.

மகுடேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டியபடி தையல் பகுதிக்கே ஓடினார். "திங்கக்கெழம எல்லா லைனும் ஓடோணும்! லீவுல போன அத்தனை பேரையும் கூப்பிடுங்க!" விசில் சத்தமும் கைதட்டலும் ஆபீஸ் வரை கேட்டன.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல அம்மிணி. மொத நாளு நாங்க பாஸ்வேர்டு கூடக் குடுக்கல. உள்ள என்ன டேட்டாபேஸ், போட்டோ எங்க கெடக்குதுன்னு அத்தனையும் எப்படிப் புட்டுப் புட்டு வெச்சே?"

அனுசுயா எழுந்து நின்றாள்.

"காலேஜ் முடிச்சதும் அந்தக் கம்பெனிலதான் எனக்கு முதல் வேலை. உங்க பழைய வெப்சைட்டைப் பண்ணினதே நான்தான் சார்."