ரேபு ரா

“வீட்டுமனைப் பட்டாவா? ரேபு ரா. தமிழ்ல சொல்லணுமா? நாளைக்கு வா!”

அம்சவேணி கும்பிட்ட கையை இறக்கவில்லை. “மூணு மாசமா நடந்துகினு இருக்கேன் சார்.”

“வெளியே போய் நில்லு!”

அவள் எதிரில் கிடந்த சேரை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த ரேபுவையே எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க சார். எந்த ரேபுன்னு தேதியும் போடுங்க.”

சர்ச் ஹாலில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக நடித்த சிஸ்டர் பிலோமினா எழுந்து சிரித்தார்.

“நாளைக்குத் தாசில்தார் ஆபீஸ்லயும் இப்படியே உட்காரணும், அம்சா.”

“உக்காருவேன் சிஸ்டர். அங்க எங்களுக்கு சேரே போட மாட்டாங்களே?”

அம்சவேணி எழுந்து அந்த இரும்பு சேரை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“இத்த எடுத்துகினு போறேன். பஸ்ல இதுக்கும் டிக்கெட் கேப்பானா?”