இடது முழங்கால்

“அக்கா, கார் விபத்துல உங்க இடது முழங்கால்ல அடிபட்டுச்சாமே? கழுத்தும் வலிக்குதுன்னு சேர்த்துச் சொல்லுங்க. நஷ்டஈடு வாங்கித் தர்றது எங்க பொறுப்பு.”

“இடது முழங்கால்தானே தம்பி? நல்லாத் தெரியுமா?”

“எங்களுக்கு எல்லாம் தெரியும்க்கா.”

அவள் போனை வைத்துவிட்டு, மாடியிலிருந்து கீழே தன் பட்டறைக்கு விறுவிறுவென்று இறங்கினாள்.

அங்கே கார் பழுதுபார்க்க விட்டவர்களுக்கெல்லாம் இப்படித்தான் அழைப்பு வந்தது. வாடிக்கையாளர்கள் காறித் துப்பாத குறை. அவர்கள் நம்பரை விற்பது யாரென்று பிடிக்கத்தான், நடக்காத விபத்தை மூன்று பேரிடம் ரகசியமாகப் போனில் சொன்னாள். பெயிண்டரிடம் இடுப்பில் அடி என்றாள். பில் போடும் பெண்ணிடம் தோளில் என்றாள்.

மருமகன் பதறி ஓடிவந்தான்.

“அந்த முழங்காலோட ஏன் அத்தை படியிறங்குனீங்க?”

“கால்ல அடியே படல மாப்பிள்ளை. அடி இனிமேதான் விழப்போகுது. பட்டறைச் சாவிய வைங்க.”