ஊர் எல்லை

"மண்ணும் தண்ணியும் தாங்குறதுக்கு ஒரு அளவு இருக்கு. நாம அதத் தாண்டிட்டோம்" என்று கிராமசபையில் பேசினாள் ஊராட்சித் தலைவி பாண்டிமீனா. ஊர் எல்லைக்குள் பட்டாசுக் கழிவைக் கொட்டத் தடை போட்டுத் தீர்மானம் நிறைவேறியது.

பட்டாசுக் கம்பெனி மேனேஜர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். கழிவு லாரிகள் வேறு பக்கம் திரும்பின. ஊரே அவளைக் கொண்டாடியது.

பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் சினேகா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். கை, கால், வயிறெல்லாம் கொப்புளம்.

பாண்டிமீனா பதறினாள். "என்னடி இது?"

"எங்க ஊருக் கெணத்துத் தண்ணிம்மா. பக்கத்துப் பள்ளத்துல லாரி லாரியா பட்டாசு மருந்துக் கழிவக் கொட்டுறாக."

"மேனேஜர்ட்ட யாரும் கேக்கலயா?"

"கேட்டோம். எல்லையத் தாண்டி எங்கன வேணாலும் கொட்டிக்கோங்கன்னு சொன்னதே ஒங்கம்மாதான்னு சொல்றாரு. நெசமாம்மா?"

பாண்டிமீனா மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.