கொளஞ்சி வீட்டு உருண்டைக் குழம்பு

“உண்மையச் சொல்லுங்க சிங்காரவேல், அப்படி என்னதான் சாப்பிடறீங்க?” ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் டாக்டரம்மா.

சிங்காரவேல் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த மனைவி ஆதிலட்சுமி முந்திக்கொண்டாள். “பாவக்காங்க. குவார்ட்டர்ஸ் பின்னாடி பந்தல் போட்டிருக்கேன். தெனமும் டூட்டிக்கு அதான் கட்டிக் குடுக்கறேன்.”

“மீதி வைக்காம சாப்பிடறாரா?”

“கேரியர் கழுவி வெச்சாப்ல வருதுங்க.”

“அதான பார்த்தேன். மாத்திரைய நான் ஏத்தவே இல்ல, சர்க்கரை எறங்கியிருக்கு. எறங்கலேன்னா இவரை மெஷின்லேருந்து எறக்கச் சொல்லித்தான் எழுதியிருப்பேன். இப்ப ஃபிட்னு எழுதறேன். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க.”

சிங்காரவேல் மைன்ஸில் மண் வெட்டும் பெரிய மெஷினின் ஆபரேட்டர். அந்த உயரத்திலிருந்து இறக்கி, கேட் ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்களோ என்று மனிதர் தூக்கம் கெட்டுக் கிடந்தார். இப்போது துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் திருதிருவென்று விழித்தார். ஏனென்றால் ஆதிலட்சுமி கட்டிக் கொடுத்த பாகற்காயில் ஒரு துண்டைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை.

வெளியே பைக்கைத் தேடி வந்ததும் ஆதிலட்சுமி கேட்டாள், “இன்னாங்க, ஃபிட்னு சொல்லியும் மூஞ்சி இப்படி இருக்கு?”

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “கோச்சிக்காத ஆதி. உன் பாவக்காய நான் தொட்டதே இல்ல.”

“அப்படியா! பின்ன யாரு தின்னது?”

“கொளஞ்சிநாதன். கம்மாபுரத்துப் பையன், மைன்ஸ்ல மண்ணு போற பெல்ட்ட காண்ட்ராக்ட்ல கிளீன் பண்றான். மொத நாளு நான் கேரியரத் தொறந்துட்டு மூடினதப் பாத்தான். ‘அண்ணே, எனக்குப் பாவக்கான்னா உசுரு, மாத்திக்கலாமா’ன்னு அவனா கேட்டான். மாட்டேன்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?”

“அவன் கேரியர்ல இன்னா இருக்கும்?”

சிங்காரவேலுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. “உருண்டைக் குழம்பு! ஒரு நாளு வடை, ஒரு நாளு துவையல். முந்திரிய வறுத்துப் போட்டு... அவன் பொண்டாட்டிக்கு என்ன கைப்பக்குவம்ங்கற! உனக்கெல்லாம் வராது.”

“வராதுதான்” என்றாள் ஆதிலட்சுமி.

“லேசா ஒரு கசப்பு இருக்கும். கேட்டா, ‘வெந்தயம்ணே’ம்பான். இப்பதான் எனக்குக் கொடையுது. பாவக்கா தின்ன அவனுக்கு எந்த நோயும் இல்ல, தின்னாத எனக்கு சர்க்கரை கொறைஞ்சிருக்கு. அந்தக் குழம்புல ஏதோ மூலிகை போடறா அந்தப் பொண்ணு. என்னான்னு தெரியணுமே!”

“எனக்குந்தான் தெரியணும். வாங்க, நேரா அவ வூட்டுக்கே போயி கேட்டுடலாம்.”

திட்டு விழும் என்று பயந்தவருக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. பைக்கைக் கிளப்பினார். டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டியதும் அவருடைய ஆராய்ச்சி ஆரம்பித்தது.

“ஆவாரம்பூவா இருக்குமோ?”

“இருக்கும்.”

“வேப்பம்பூ?”

“அதுவும் இருக்கும்.”

“நாவல் கொட்டையப் பொடி பண்ணிப் போடறாளோ?”

“புள்ளத்தாச்சி மாதிரி ஆசைப்பட்டுகினு கேக்குறீங்களே, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

கம்மாபுரத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது கொளஞ்சிநாதன் வாசல் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். இருவரையும் பார்த்ததும் சோப்பு கையோடு எழுந்து நின்றான். சிங்காரவேலைப் பார்த்ததைவிட ஆதிலட்சுமியைத்தான் அதிகம் பார்த்தான்.

“கொளஞ்சி, நான் ஃபிட்டுடா! மெஷின் எனக்குத்தான்!”

“ரொம்ப சந்தோசம்ணே!” அவன் முகம் உண்மையிலேயே மலர்ந்தது.

“எல்லாம் உன் வூட்டுக்காரி புண்ணியம். கூப்புடு தங்கச்சிய. அந்த உருண்டைக் குழம்புல என்னா மருந்து போடுதுன்னு கேட்டுகினு போகத்தான் வந்தோம்.”

கொளஞ்சிநாதன் தலையைச் சொறிந்தான். சோப்பு நுரை முடியில் ஒட்டிக்கொண்டது.

“என்னாடா முழிக்கிற? நான் எதுவும் மறைக்கல. கேரியரு மாத்தின கதையெல்லாம் அக்காகிட்ட சொல்லிட்டேன். அது கோச்சிக்கவே இல்ல.” சொல்லிவிட்டு அவரே வாசலில் நின்று குரல் கொடுத்தார். “தங்கச்சி! அம்மா, தங்கச்சி!”

உள்ளே யாரும் அசையவில்லை. கொடியில் ஒரு புடவைகூட இல்லை. அடுப்பு பற்ற வைத்து நாளான வீடு போல இருந்தது.

“எங்கடா அந்தப் பொண்ணு?”

கொளஞ்சிநாதன் ஆதிலட்சுமியைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“சொல்லிடு தம்பி” என்றாள்.

“அண்ணே, அவ வளகாப்பு முடிஞ்சி தாய்வூட்டுக்குப் போனவ, புள்ள பொறந்து இன்னும் திரும்பல. எனக்குச் சுடுதண்ணி வெக்கக்கூட வராது. கேரியர மாத்திக்கலாமான்னு உங்களக் கேக்கச் சொன்னதே அக்காதான். நீங்க கம்பெனி பஸ் ஏறிப் போனதும், உங்க வூட்டுப் பின்பக்கமா வந்து என் கேரியர வாங்கிகினு போறேன். ரெண்டும் ஒரே பந்தல் பாவக்காதாண்ணே... உங்க கேரியருக்கு அக்கா அப்படியே வறுக்கும், என் கேரியருக்கு அரைச்சி உருட்டும்.”